முரண்பாடு இத்தனை

காந்தி ஜெயந்தியன்று
யாரெல்லாம் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது
என் வேலை.

ஒன்பது மணிக்குச் செக்காலை ரோட்டில் ஆரம்பித்தேன்.
ஸ்கூட்டியின் முன்பக்கப் பையில்
படிவங்கள், கார்பன் தாள், பாதி தின்ற இட்லிப் பொட்டலம்.
மாலை ஐந்துக்குள் சிவகங்கைக்கு எண்ணிக்கை போக வேண்டும்:
கடைகள் இத்தனை, உணவு நிறுவனங்கள் இத்தனை,
முரண்பாடு இத்தனை.
முரண்பாடு குறைந்தால் நான் சரியாகப் பார்க்கவில்லை.
கூடினால், போன வருஷம் சரியாகப் பார்க்கவில்லை.

முதலில் எவர்சில்வர் கடை. முதலாளி பெயர் சேவுகன்.
"திறக்கலைங்க, தூசி தட்டுறோம்" என்றார்.
தூசிக்கு உள்ளே ரசீது போட்டுக்கொண்டிருந்தார்கள்.
சீர்ச்சாமான் வாங்க வந்த குடும்பம்
என்னைப் பார்த்து அண்டாவைக் கீழே வைத்தது,
தாங்கள்தான் பிடிபட்டது போல.

ஜவுளிக்கடை ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.
அரசாங்கம் குனிந்து நுழைவதைப் பார்த்து
உள்ளே ஒருத்தி சிரித்துவிட்டாள்.
அழகுமீனாள். பெயரைப் பிறகு வாக்குமூலத்தில் எழுதினேன்.

நிற்கிறவர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று
சட்டம் வந்து சில வருஷமாகிறது.
தந்திருந்தார்கள். ஆறு, சிவப்பு,
பிளாஸ்டிக் உறை கழற்றாமல், ஒன்றன்மேல் ஒன்றாக.
"பாத்துக்குங்க மேடம்" என்றார் மேனேஜர்.
என் படிவத்தில் 'இருக்கை உள்ளதா' என்றொரு கட்டம்.
உள்ளது.
உட்கார்ந்தார்களா என்பதற்குக் கட்டம் இல்லை.

சம்பளப் பதிவேட்டில் பதினோரு பெண்கள்.
பதினோரு கையெழுத்திலும்
'ழ' வந்த இடமெல்லாம் ஒரே மாதிரி சுழிந்திருந்தது.

"இன்னைக்கு டபுள் சம்பளம் உண்டா?" என்று கேட்டேன்.
அழகுமீனாள் மேனேஜரைப் பார்த்தாள்,
மின்விசிறியைப் பார்த்தாள்,
கால் மாற்றி நின்றாள்.
"உங்களுக்கு உண்டா மேடம்?"

எனக்கு மாற்று விடுப்பு உண்டு. எழுதிக் கேட்டால் கிடைக்கும்.
கேட்டதில்லை என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

கொள்கைக்காக இந்தத் துறைக்கு வந்தேன் என்று
படித்த கோச்சிங் சென்டரில் ஒருமுறை பேசினேன், கைதட்டினார்கள்.
நிஜத்தில் என் மார்க்குக்கு இதுதான் கிடைத்தது.
கருவூலம் கேட்டிருந்தேன்.

மதியம் புதுவயல்.
அரிசி மில்லில் ஒரு பையன், வடக்கே எங்கிருந்தோ.
உன் பெயர் என்ன என்றேன்.
"பதினெட்டு" என்றான்.
ஊர் எது என்றேன்.
"பதினெட்டு."
அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்த தமிழ் அவ்வளவுதான்.
மீசை இன்னும் வரவில்லை, இமையெல்லாம் தவிடு.

வயதுச் சான்றுக்கு எழுதினேன், போன் போட்டேன்.
வண்டி வர ஒன்றரை மணி நேரம்.
அதுவரை மில்காரர் நிழலிலேயே நடந்துகொண்டிருந்தார்.
யாரோ அமைச்சரின் மச்சான் பெயரை மெதுவாகச் சொன்னார்,
பிறகு கொஞ்சம் சத்தமாக.
நானும் பையனும் ஒரே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தோம்.
காலை இட்லி வீணாகியிருக்கும் என்று சைகையில் சொன்னேன்.
வாங்கித் தின்றான்.
வண்டி வந்ததும் அவன் அழுதான்.
யாரைக் காப்பாற்றுகிறேன் என்று அவனுக்குச் சொல்ல
எனக்கும் மொழி இல்லை.

ஆறு மணிக்கு அலுவலகம்.
அடைக்கலமேரி சாவியோடு படியில் காத்திருந்தார்.
எங்கள் மாடியைக் கூட்டுபவர். அவுட்சோர்சிங்.
ஏஜென்சிக்காரன் மதுரையில் இருக்கிறான்,
ஜூலையிலிருந்து போனை எடுப்பதில்லை.
விடுமுறை நாளில் அவர் வந்திருக்கிறார்,
ஏனென்றால் நேற்று நான்தான் வரச் சொன்னேன்.

முரண்பாடு: பதினான்கு.
எழுதி, அடித்து, பதினைந்து என்று எழுதினேன்.
'நிறுவனத்தின் பெயர்' என்ற இடத்தில்
பேனா நின்றுகொண்டது.
சிவகங்கையிலிருந்து இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது.

"கொஞ்சம் எந்திரிங்க மேடம்,
நாற்காலிக்கு அடியில கூட்டணும்."

எழுந்து நின்றேன்.